வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்

“கரண்ட் போச்சு” என்கிறோம். போனது வோல்டேஜ். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினால் வீட்டுக்குள் கரண்ட் ஓடுவது நின்றுவிடும். அதை யாரும் கரண்ட் போச்சு என்று சொல்வதில்லை. “கரண்ட் பில் கட்டணும்” என்கிறோம். அந்த பில்லில் இருப்பது கரண்ட் அல்ல, வாட்டையும் மணிநேரத்தையும் பெருக்கி வந்த யூனிட். நம் வாயில் சரியான பொருளில் வருவது “லோ வோல்டேஜ்” ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பேச்சுவழக்கு அப்படித்தான், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு பிளக் ஏன் கருகியது, ஒரு ஒயர் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்தால், வோல்டேஜ் வேறு, கரண்ட் வேறு என்ற தெளிவு வேண்டும். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் போதும். வகுத்தால் மின்தடை, பெருக்கினால் மின்திறன். பள்ளிக்கூடத்தில் “வீ ஈக்வல் டூ ஐ ஆர்” என்று ராகம் போட்டு ஒப்பித்தோமே, அதுதான். ஒப்பித்த அளவுக்கு அதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறோமா என்பது வேறு கதை.

எங்கள் ஓசூரில் மார்கழி பிறந்தால் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா, வாளியில் தொங்கவிடுகிற ஹீட்டர் ராடு ஒன்று வாங்கினார். நாலாம் நாள் காலையில் கூப்பிட்டார்.

“தம்பி, ராடு புதுசுதான். ஆனா பிளக்கைத் தொட முடியல, அப்படிச் சுடுது. கருகுற வாடை வேற. கெட்டுப்போனது ராடா, பிளக்கா? நீயே பாத்துச் சொல்லு.”

போய்ப் பார்த்தேன். ராடில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சாகியிருந்தது. அதன் பின்கள் தடிமனானவை. பவர் பிளக் என்று நாம் சொல்லும் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு உரியவை. குளியலறைப் பக்கம் பவர் பிளக் இல்லை. அதனால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பிளக்கைச் செருகி, போன் சார்ஜர் மாட்டுகிற 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகியிருந்தார்கள். சாக்கெட்டின் ஒரு துளையோரம் பழுப்பேறி இளகிக் கிடந்தது.

பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அக்காவின் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், அளந்து காட்டினால் அவனுக்கும் ஆகும் என்று ராடையும் வாளியையும் என் வீட்டு பவர் பிளக்குக்குக் கொண்டுவரச் சொன்னேன். மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் எடுத்தேன்.

வோல்டேஜை அளப்பது இரண்டு இடங்களுக்கு நடுவே. மல்டிமீட்டரின் ஒரு முனை ஃபேஸில், மறுமுனை நியூட்ரலில். கரண்டை அளப்பது ஒரே இடத்தில், அந்த வழியாக எவ்வளவு ஓடுகிறது என்று. கிளாம்ப் மீட்டரின் கொடுக்கை ஒயரைச் சுற்றிப் போட்டால் எண்ணைக் காட்டும். புதிதாக அதை வாங்குகிறவர்கள் பலர் செய்கிற தப்பு ஒன்று உண்டு: முழு ஒயரையும் கொடுக்குக்குள் விட்டுவிட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே, பழுதோ என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோவது. ஃபேஸில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வருகிற பூஜ்யம் அது. ஒற்றைக் கம்பியை மட்டும் உள்ளே விட வேண்டும். அதற்காகவே, உள்கம்பிகளைத் தனித்தனியாக வெளியே எடுத்த ஒரு முழ எக்ஸ்டென்ஷன் ஒயர் என்னிடம் இருக்கிறது.

மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் எளிது. தொட்டியின் உயரம் வோல்டேஜ். குழாயில் நிமிடத்துக்கு இத்தனை குடம் என்று வருகிற வரத்து, கரண்ட். குழாயின் ஒடுக்கம், மின்தடை. குழாயை மூடியிருந்தாலும் தொட்டியின் உயரம் உயரம்தான். அதுபோல யாரும் எதையும் மாட்டாத சாக்கெட்டிலும் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். இந்த உவமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், ஒயரை வெட்டினால் கரண்ட் தரையில் கொட்டுவதில்லை, நின்றுவிடும்.

ராடு வாளியில் ஓடிக்கொண்டிருக்க, மீட்டர்கள் காட்டியவை 222 வோல்ட், 6.3 ஆம்பியர். பையன் காகிதத்தில் போட்டான்:

222 ÷ 6.3 = 35.2 ஓம்
222 × 6.3 = 1399 வாட்

அவ்வளவுதான் கணக்கு. இதற்கு மேல் தெரிய வேண்டியதெல்லாம், ஏன் வகுக்கிறோம், ஏன் பெருக்குகிறோம் என்பது.

வகுத்தலை இப்படிப் பார்க்கலாம். இந்த ராடு வழியாக 6.3 ஆம்பியர் ஓட 222 வோல்ட் தேவைப்பட்டது. அப்படியானால் ஒரே ஒரு ஆம்பியர் ஓட எத்தனை வோல்ட்? 35.2. அதுதான் மின்தடை. ஓம் என்பது ஏதோ தனியான மாயப்பொருள் அல்ல. “ஆம்பியர் ஒன்றுக்கு இத்தனை வோல்ட்” என்பதன் சுருக்கப் பெயர். கத்தரிக்காய் கிலோ ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்பதுபோல ஒரு விலை. விலை அதிகமென்றால், கொடுத்த வோல்ட்டுக்குக் குறைந்த கரண்ட்தான் கிடைக்கும்.

பெருக்கலுக்கு வேறொரு காட்சி. மாடி கட்டுகிற இடத்தில் ஆட்கள் தலைச்சுமையாகச் செங்கல் ஏற்றுகிறார்கள். ஆளுக்கு எட்டுக் கல், நிமிடத்துக்குப் பத்துப் பேர் மேலே வந்து சேர்கிறார்கள் என்றால் நிமிடத்துக்கு எண்பது கல். மின்னூட்டத்தை அளக்கும் அலகு கூலும், ஆற்றலை அளக்கும் அலகு ஜூல். வோல்ட் என்பது ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் தலையில் சுமந்துவரும் ஆற்றல்: 222 வோல்ட் என்றால் கூலுமுக்கு 222 ஜூல். ஆம்பியர் என்பது நொடிக்கு எத்தனை கூலும் வந்து சேர்கிறது என்ற கணக்கு: 6.3. இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 1399 ஜூல் இறங்குகிறது. நொடிக்கு ஒரு ஜூல் என்பதற்குத்தான் வாட் என்று பெயர்.

அச்சடித்திருப்பது 1500, நாம் அளந்தது 1399. ராடுக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. அவர் சொன்னது 230 வோல்ட் கொடுத்தால் 1500 வாட் என்று. அந்த எண்களிலிருந்தும் தடையைக் கண்டுபிடிக்கலாம். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.52 ஆம்பியர், 230-ஐ 6.52-ஆல் வகுத்தால் 35.3 ஓம். நாம் அளந்து போட்டதும் ஏறக்குறைய அதேதான். ராடு நல்ல ராடு. நம் தெருவில் வோல்டேஜ் எட்டு குறைவு, அவ்வளவே.

இங்கே பையன் ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

“மாமா, தடை இருக்கிற இடத்துலதானே சூடாகும்? அப்போ இவ்வளவு சுடுற ராடுக்குத் தடை ரொம்ப அதிகமா இருக்கணுமே. 35 ஓம்தானே வருது?”

பூஜையறையில் எரிகிற பழைய ஜீரோ வாட் பல்பை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் ஜீரோ, தின்பது 15 வாட். 230 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் 0.065 ஆம்பியர். வகுத்தால் 3,500 ஓமுக்கு மேல். ராடைப் போல நூறு மடங்கு தடை, ராடில் நூறில் ஒரு பங்கு வாட். சாக்கெட்டில் நேராக மாட்டுகிற எல்லாச் சாமானுக்கும் இதுதான் முறை. எல்லாவற்றுக்கும் ஒரே 230 வோல்ட். தடை குறைந்தால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் வாட் கூடும். ராடு அதிகம் சுடுவது தடை குறைவு என்பதால்தான்.

அப்படியானால் பிளக் ஏன் சுட்டது? அதன் தடை ராடைவிட மிகமிகக் குறைவாயிற்றே?

பிளக் தனியாக 230 வோல்ட்டில் மாட்டப்பட்ட சாமான் அல்ல என்பதுதான் பதில். அது ராடோடு ஒரே வரிசையில் நிற்கிறது. ராடுக்குப் போகிற 6.3 ஆம்பியரும் முதலில் பிளக் பின்னைத் தாண்டித்தான் போக வேண்டும். எவ்வளவு கரண்ட் என்பதைத் தீர்மானித்துவிட்டது ராடு. பின் அதைச் சுமக்கிறது. ஒரே கரண்ட் வரிசையாகப் பல இடங்களைத் தாண்டும்போது, எந்த இடத்தில் தடை அதிகமோ அங்கேதான் சூடு அதிகம். பையன் சொன்ன விதி இங்கே சரி, சாக்கெட்டுக்கு நேரே மாட்டுகிறபோது சரியல்ல. பாடப்புத்தகத்தில் இரண்டும் இரண்டு சூத்திரமாக அடுத்தடுத்த வரியில் கிடக்கும். எதை எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். நானும் பலகாலம் இடறியிருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன்களின் சீரிஸ் போர்டு இதைக் கண்ணால் காட்டும். ஒரு 100 வாட் குண்டு பல்பைச் சாமானோடு வரிசையில் இணைத்து, ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கிற பலகை அது. ராடைத் தண்ணீரில் வைத்து அதில் மாட்டினால் பல்பு ஏறக்குறைய முழு வெளிச்சத்தில் எரியும், ராடு வெதுவெதுப்புக்கூட ஆகாது. எரிகிற பல்பின் தடை சுமார் 529 ஓம். ராடின் 35-ஐக் கூட்டினால் 564. 230 வோல்ட்டுக்கு 0.41 ஆம்பியர்தான் ஓடும். அந்த ஒரே கரண்ட் பல்பில் 88 வாட்டையும் ராடில் வெறும் 6 வாட்டையும் கொடுக்கும். தண்ணீரைக் கொதிக்கவைக்கிற ராடு, பல்பின் பின்னால் நின்றால் சவலைப் பிள்ளை.

இப்போது அந்தக் கருகிய துளைக்கு வருவோம். நல்ல சாக்கெட்டில் பின் இறுகப் பிடித்திருந்தால் அந்தத் தொடுமுனையின் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும். கன்வெர்ட்டர் பிளக் ஆடிக்கொண்டிருந்தது. லூஸ் காண்டாக்டில் தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6.3 ஆம்பியர் அதைத் தாண்ட 3.15 வோல்ட் செலவாகும். பெருக்கினால், 3.15 × 6.3, ஏறக்குறைய 20 வாட். ரேடியோ ரிப்பேர்காரர் ஈயம் உருக்க வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட அதே சூடு ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள், காற்று புகாத இடத்தில், அரைமணி நேரம். உருகாமல் என்ன செய்யும்?

சூடானால் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பிடி இளகும். இளகினால் தடை கூடும். கூடினால் இன்னும் சூடு. அந்தத் தடை 5 ஓம் வரை ஏறிவிட்டால் கரண்ட் 5.5 ஆம்பியராகக் குறையும், ஆனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 150 வாட்டுக்கு மேல் இறங்கும். இதில் கொடுமை என்னவென்றால் கரண்ட் கூடவில்லை, குறைந்திருக்கிறது. ஆகவே ஃபியூஸும் போகாது, எம்.சி.பி.யும் விழாது. அவை பார்ப்பது ஆம்பியரை. வாட் எங்கே இறங்குகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. கருகல் வாடையை மூக்குதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாக்கெட்டின் எல்லையையும் பார்த்துவிடலாம். 6 ஆம்பியர், 230 வோல்ட், பெருக்கினால் 1380 வாட். 1500 வாட் ராடு அதைத் தாண்டுகிறது. அரை ஆம்பியர் தாண்டியதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்றால், உண்மையாகவே இல்லை. குற்றவாளி அந்தக் கன்வெர்ட்டர்தான் என்பது என் கட்சி. ஆனால் எல்லையின் விளிம்பில் ஓடுகிற சாக்கெட்டுக்கு லூஸ் காண்டாக்டைத் தாங்கும் தெம்பு மிச்சமிருக்காது.

அதே அரை ஓம் வேறொரு இடத்தில் சாதுவாக இருக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் கிலோமீட்டருக்குத் தடை 26 ஓம். பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் என்றால் போக வர இருபது மீட்டர், 0.52 ஓம். ராடை அதில் மாட்டினால் அங்கேயும் 20 வாட்தான் சூடாகும். ஆனால் அது பத்து மீட்டர் நீளத்துக்குப் பரந்து காற்றில் ஆறிவிடுகிறது. கைவைத்தால் லேசாகத் தெரியும், அவ்வளவே. பிளக் பின்னில் அதே வாட் ஒரு நகக்கண் அளவு இடத்தில். மாவாட்டும் கல்யாண வீடுகளில் எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டிவைத்தபடியே ஓட்டுகிறார்கள் பாருங்கள், அங்கே பரந்த சூட்டைத் தாங்களே மறுபடி ஒரு இடத்துக்குக் கூட்டிவருகிறார்கள். ஒயரை முழுக்க விரித்துப் போடச் சொல்வது அதனால்தான்.

இனி லோ வோல்டேஜ். எங்கள் தெருவில் சில சாயங்காலங்களில் 180 வோல்ட்வரை இறங்கும். ராடின் தடை மாறுவதில்லை, 35.2 ஓம். 180-ஐ அதனால் வகுத்தால் 5.11 ஆம்பியர். பெருக்கினால் 920 வாட். 222-லிருந்து பார்த்தால் வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை; வாட் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தொட்டியின் உயரம் குறைந்தால் வரத்தும் குறையும், ஒவ்வொரு குடமும் விழுகிற வேகமும் குறையும், இரட்டை நஷ்டம். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப வாட் மாறும் என்று புத்தகத்தில் சொல்வது இதைத்தான்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்.

குளிக்கிறவருக்கு இதன் பொருள் என்ன? இருபது லிட்டர் தண்ணீரை 20 டிகிரி கூட்ட, லிட்டருக்கு டிகிரி ஒன்றுக்கு 4186 ஜூல் வீதம், 16 லட்சத்து 74 ஆயிரம் ஜூல் வேண்டும். 1399 வாட்டில் இருபது நிமிடம். 920 வாட்டில் அரைமணி. யூனிட்? 1000 வாட் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். ஆகவே இரண்டு கணக்கிலும் 0.465 யூனிட்தான். லோ வோல்டேஜில் ராடு போட்டால் பில் ஏறும் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தார். அரைமணியில் வாளிச் சூடு கொஞ்சம் காற்றில் போகும் என்பதைத் தவிர பில்லில் வித்தியாசம் இல்லை. தினம் இரண்டு வாளி என்றால் இரண்டு மாதத்துக்கு 56 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் குளியலறையிலேயே தீர்ந்துவிடும். அக்காவுக்கு அதுதான் அன்றைக்கு மிகப்பெரிய செய்தி.

ராடில் இந்தக் கணக்கெல்லாம் இவ்வளவு அழகாக ஒத்துவருவதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். செம்பைவிட அறுபது மடங்குக்கு மேல் தடை உள்ளது. அதைவிட முக்கியம், சூடானாலும் அதன் தடை பெரிதாக மாறாது. அதனால் ராடைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி இரண்டு பின்களையும் தொட்டால், பச்சைத் தண்ணீரைப்போல் குளிர்ந்திருக்கும்போதே 35 ஓம் காட்டும். கழற்றிவிட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஓம் அளக்கும்போது மீட்டர் தன் பேட்டரியிலிருந்து ஒரு சிறு கரண்டை அனுப்பிப் பார்க்கிறது. லைன் இருக்கும் இடத்தில் அப்படி வைத்தால் மீட்டருக்கும் கைக்கும் ஆபத்து.

குண்டு பல்பில் இந்த வித்தை பலிக்காது. 60 வாட் பல்புக்குக் கணக்குப்படி 882 ஓம் வர வேண்டும். கழற்றி அளந்தால் 65 ஓம் போலத்தான் காட்டும். பையன் மீட்டர் கெட்டுவிட்டது என்றான். மீட்டர் கெடவில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,500 டிகிரிக்குப் போகிறது, சூடு ஏற ஏற டங்ஸ்டனின் தடையும் ஏறிக்கொண்டே போகும். நாம் அளந்தது குளிர்ந்த இழையை. சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில் 230-ஐ 65-ஆல் வகுத்த கரண்ட், மூன்றரை ஆம்பியர், அந்த மெல்லிய இழைக்குள் பாயும். இழை சூடானதும் கால் ஆம்பியருக்கு இறங்கிவிடும். பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட சுவிட்சைத் தட்டியதும் “டப்” என்று போனதே அதிகம், நினைவிருக்கிறதா?

ஆக, வகுத்தால் வருகிற ஓம் அந்த நேரத்து ஓம். சூடு மாறாதவரை அது மாறாது என்று கண்டுசொன்னவர் பெயரைத்தான் அந்த அலகுக்கு வைத்தார்கள்: கேயார்க் சைமன் ஓம். ஜெர்மனியின் எர்லாங்கனில் 1789-ல் பிறந்தவர், கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இந்தச் சோதனைகளைச் செய்தார். அவருக்குப் பெரிய தொல்லை அன்றைய பேட்டரிகள். வோல்டேஜ் நிலையாக நிற்காது. ஒரு கம்பியை அளந்து அடுத்த கம்பியை மாட்டுவதற்குள் இறங்கியிருக்கும். பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இணைப்பில் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, சூட்டு வித்தியாசத்திலிருந்தே நிலையான வோல்டேஜை எடுத்தார். கரண்டை ஒரு காந்த ஊசியின் திருப்பத்தில் அளந்தார். 1827-ல் நூலாக வெளியிட்டபோது சொந்த நாட்டில் சீந்துவாரில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் காப்லி பதக்கம் கொடுத்தது. அவருக்குச் சுமார் ஐம்பது ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் இதே உறவைக் கண்டிருந்தார், வெளியிடவில்லை. அவருடைய கரண்ட் மீட்டர் அவர் உடம்புதான்: ஷாக் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று வைத்து அளந்தார். அவருக்குப் பெயர் நிலைத்திருந்தால் நாம் இன்று 35 கேவண்டிஷ் என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஓம் என்பது நம் நாக்குக்கு எவ்வளவோ சுலபம், கோயில் வாசனையும் இலவசம்.

கேவண்டிஷின் மீட்டரை யாரும் முயல வேண்டாம். நம் உடம்புக்கும் தடை உண்டு. காய்ந்த தோலில் அது பல ஆயிரம் ஓம்; ஈரக் கையில் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். வீட்டு மெயின் போர்டில் வைக்கும் ஆர்.சி.சி.பி. 0.03 ஆம்பியர் கசிந்தாலே தட்டிவிடும்படி செய்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து என்பதால்தான். வாளிக்குள் கையை விட்டுச் சூடு பார்ப்பதற்கு முன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். சில வீடுகளில் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போட்டு வைத்திருப்பார்கள். அணைத்த பிறகும் ராடில் லைன் இருக்கும்.

ஃபேன், மிக்ஸி, ஃபிரிட்ஜ், மோட்டார் என்று வந்தால் இந்தப் பெருக்கல் கொஞ்சம் பிசகும். 75 வாட் சீலிங் ஃபேனில் கிளாம்ப் போட்டால் 0.36 ஆம்பியர் போலக் காட்டும். 230-ஆல் பெருக்கினால் 83. மிச்ச எட்டு எங்கே? மோட்டார் சுருளில் கரண்ட், வோல்டேஜோடு சேர்ந்து ஏறி இறங்காமல் ஒரு அடி பின்தங்கும். அந்தப் பின்தங்கலால், பெருக்கி வருகிற எண் முழுதும் வேலையாக மாறுவதில்லை, ஒரு பகுதி போய்த் திரும்பி வருகிறது. ஆகவே அந்த 83-ஐ வாட் என்று சொல்லாமல் வோல்ட்-ஆம்பியர் என்பார்கள். இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் 900 வி.ஏ. என்று எழுதியிருப்பது இதுதான். அதைப் பார்த்து 900 வாட் மாட்டலாம் என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. மோட்டார் சுருளை மல்டிமீட்டரில் அளந்து, அந்த ஓமை வைத்து ஓடும்போதான கரண்டைக் கணக்கிடுவதும் பலிக்காது. ராடு, இஸ்திரிப் பெட்டி, கீசர், குண்டு பல்பு, இவற்றில் பெருக்கியது அப்படியே வாட்.

இன்னொன்று, ஒயரில் வீணாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. கரண்ட் பாதியானால் சூடு கால்வாசி. மின்வாரியங்கள் உயர் மின்னழுத்தத்தைக் கட்டிக்கொண்டு அழுவது இதற்காகத்தான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வருகிற பாதை சுமார் 1,800 கிலோமீட்டர், சுமக்கக்கூடியது 6000 மெகாவாட். ஒரு கம்பியில் பிளஸ் 800 கிலோவோல்ட், இன்னொன்றில் மைனஸ் 800; நடுவே 16 லட்சம் வோல்ட். வகுத்துப் பாருங்கள், 3,750 ஆம்பியர். அதே திறனை 230 வோல்ட்டில் அனுப்ப நினைத்தால் 2 கோடியே 60 லட்சம் ஆம்பியர் வேண்டும். அதைத் தாங்குகிற கம்பிக்குச் செம்பு எங்கே கிடைக்கும் என்று பையன் கேட்டான். எனக்கும் தெரியாது என்றேன்.

அக்கா வீட்டில் அந்த வாரமே எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக இழுத்து, குளியலறைக்கு வெளியே பவர் பிளக் போட்டுவிட்டார்கள். கன்வெர்ட்டரை அக்காவே குப்பையில் போட்டார். பாதை 12 மீட்டர், போக வர 24. அந்த ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். பையன் நான் சொல்லாமலேயே காகிதத்தை எடுத்தான்: 0.178 ஓம், அதில் 6.3 ஆம்பியர், 1.1 வோல்ட் இழப்பு, 7 வாட் சூடு, அதுவும் 12 மீட்டருக்குப் பரந்து. மெயின் போர்டில் 222 இருந்தால் இங்கே 220.9 வர வேண்டும் என்றான். ராடு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு இடத்திலும் அளந்தோம். போர்டில் 222. இங்கே 221.